பிடரியில் ஒரு கை

அசைய மாட்டேன். அவ்வளவுதான். நாலு மணிக்கு ஆரம்பிச்சா நாலு அம்பது வரைக்கும் இந்த யோகா ஹால்ல, இந்தப் பச்சை விரிப்பு மேல, வெறுங்காலோட இப்படியே நிக்கப் போறேன், தமயந்தி அக்கா என்ன பண்ணுவாங்களோ பண்ணிக்கட்டும். ஒன்பது பேர் நாங்க. எங்க ஸ்கூல்ல தனித்திறன் பிரிவுன்னு ஒண்ணு இருக்குது, அதுல ஒன்பது பேர். மத்த பசங்க எங்களுக்கு வெச்ச பேரு நவக்கிரகம். ஒண்ணை ஒண்ணு மூஞ்சி பார்க்காது, தள்ளி நின்னு ஒரு சுத்து சுத்திக் கும்பிட்டுட்டுப் போயிரணும். சனிக்கிழமையானா இந்தக் கிரகங்களையெல்லாம் செருப்பைக் கழட்டச் சொல்லி உள்ள விட்டு ஆடச் சொல்றதுதான் அக்காவோட வேலை. ஆட்டம்னு சொன்னா அவங்களுக்குப் பிடிக்காது, அசைவுன்னு சொல்லணும். அசைவு வழி சிகிச்சை. இன்னிக்குக் கண்ணாடிப் பயிற்சி. ஒருத்தர் அசையணும், எதிர்ல நிக்கிறவங்க அப்படியே திருப்பிச் செய்யணும், பேசக் கூடாது. ஒன்பது பேர்ல நாலு ஜோடி போக ஒருத்தர் மிச்சம், அந்த ஒருத்தர் அக்காவோட ஜோடி. போன வாரம் வரைக்கும் அந்த மிச்சம் நான்தான். யாரும் சொல்லாம நானே போய் நிப்பேன், வெட்கங்கெட்டவ. இன்னிக்கு உள்ள வந்ததுமே ஓடிப் போய் பெனசீர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். பெனசீர் படம் வரையிறவ, எதையும் உத்து உத்துப் பார்ப்பா, இப்ப என்னைப் பார்த்துட்டு நிக்கிறா. என் முறை. நான் அசைஞ்சாத்தான் அவ அசைய முடியும். நிக்கட்டும்.

அக்கா அந்தப் பக்கம் வேற யாரோடயோ கையை அலை அலையா ஆட்டிட்டிருக்காங்க. சிரிச்ச முகம். எப்படிச் சிரிக்க முடியுதுன்னு தெரியல. இவங்க வர்றதுக்கு முன்னால ஒரு கவுன்சிலர் சார் வந்துட்டிருந்தாரு, பாவம் அந்த மனுஷன். எங்க ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு கோளாறு. ஒருத்தன் போட்டிக்குப் போனா வாந்தி எடுப்பான், ஒருத்தி புருவத்தைப் பிச்சுப் பிச்சு மொட்டையாக்கி வெச்சிருக்கா, எனக்குத் தூக்கம் வராது. அவரு நோட்டை விரிச்சு வெச்சு, சொல்லும்மா, மனசுல இருக்கறதைச் சொல்லும்மாம்பாரு. எனக்குச் சொல்றதுக்கா தெரியாது? லிஃப்ட்டுன்னா பயம்னு ஒரு கதை விட்டேன். எட்டு வயசுல ஜவுளிக்கடை லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டேன், உள்ள ஒரு பலூன்காரர், கரன்ட் இல்ல, இருட்டுல பலூன் ஒண்ணொண்ணா வெடிக்குது. நாலு பக்கம் எழுதிக்கிட்டாரு. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. எங்க மாமா வீடு ஆறாவது மாடி, நான் லிஃப்ட்டுல ஏறி இறங்கி விளையாடுறவ. எங்க ஒன்பது பேருக்குமே வாய் அப்படி, பேசிப் பேசியே எதிராளியை ஊர் தாண்டிக் கொண்டு போய் விட்டுட்டு வந்துருவோம். அதனாலதான் தமயந்தி அக்காவைக் கூட்டிட்டு வந்தாங்க. முதல் நாளே சொன்னாங்க, நீங்க எல்லாரும் வார்த்தையில கெட்டிக்காரங்க, அதனால இங்க வார்த்தை வேண்டாம், வாய் சமாளிக்கும், உடம்புக்குச் சமாளிக்கத் தெரியாதுன்னு. எனக்கு அன்னிக்கே பிடிச்சுப் போச்சு. முதல் தடவையா ஒருத்தங்க என்னைக் கையும் களவுமா பிடிச்சிருக்காங்கன்னு ஒரு சந்தோஷம். அப்புறம் மூணு விதி. செருப்பு கூடாது. பேச்சு கூடாது. இந்த ஹால்ல நடக்கறது இந்த ஹாலைத் தாண்டிப் போகாது. மூணாவதைச் சொல்றப்போ கையை வாய்கிட்ட கொண்டு போய்ப் பூட்டுப் போட்டு, சாவியைத் தூக்கி எறியற மாதிரி செஞ்சு காட்டினாங்க. ஒரு முக்காலியில தண்ணி பாட்டிலுக்குச் சாத்தி போனை நிறுத்தி வெச்சு, இது என் ஞாபகத்துக்கு மட்டும், என்னைத் தவிர ஒரு ஈ காக்கா பார்க்காதுன்னாங்க. போன் இன்னிக்கும் அங்கயேதான் இருக்குது. சிவப்புப் புள்ளி மினுங்குது. பதிவாகட்டும், நல்லாப் பதிவாகட்டும், அம்பது நிமிஷம் நான் நிக்கிறதைப் போட்டுப் பார்த்துக்குங்க எல்லாரும் சேர்ந்து.

மூணு சனிக்கிழமைக்கு முன்னால நடந்தது அது. நினைக்க வேண்டாம்னா நினைப்பு அங்கதான் போகுது. அன்னிக்கு வெளியில செருப்பைக் கழட்டறப்போ அக்கா, உள்ள ஓடுதுன்னு சொன்னியே, அது எப்படி இருக்கும், இன்னிக்குக் காட்டுன்னாங்க. ஓடுறதுன்னா இப்படித்தான். ஒரு கணக்கு எடுத்தா அது நாலு வழியில பிரிஞ்சு ஓடும், நாலுல எது போகுதுன்னு பார்க்கறதுக்குள்ள நான் எழுதிட்டிருக்குற கதையோட கடைசி வரி வந்துரும், அந்த வரியில ஒரு சொல்லு உறுத்தும், உறுத்துற சொல்லை மாத்தினா முதல் பக்கத்துல இருந்து எல்லாம் மாறணும், கை எழுதிட்டே இருக்கும், கை வலிக்கறது தெரியாது, நெஞ்சு படபடன்னு அடிக்கும், பல்லைக் கடிச்சுக் கடிச்சுத் தாடை வீங்கிரும். நிறுத்து நிறுத்துன்னு எனக்கே சொல்லுவேன், எனக்கு நிறுத்தத் தெரியாது. நிறுத்தத் தெரிஞ்சவரு எங்க அப்பா ஒருத்தருதான். ஆவாரம்பாளையத்துல ரெண்டு லேத் மெஷின் போட்டுப் பட்டறை வெச்சிருக்காரு. மெஷினை ஆஃப் பண்ணினப்புறமும் அது கொஞ்ச நேரம் சுத்திட்டே இருக்கும், அதை உள்ளங்கையால மெல்லத் தொட்டு நிறுத்துவாரு. அப்படிப் பண்ணக் கூடாதுதான், கை போயிரும்னு அவரே பசங்களைத் திட்டுவாரு, ஆனா அவரு பண்ணுவாரு. என்னையும் அப்படித்தான். பின்னால வந்து நின்னு பிடரியில கையை வெப்பாரு, கனமான கை, சோப்புத் தூள் போட்டுத் தேச்சாலும் எண்ணெய் வாசம் போகாத கை. லேசா ஒரு அழுத்து. போதுங்கண்ணு, நில்லு. தலை தானா குனியும். உள்ள சுத்தறது நிக்கும். ஏன் நிக்குதுன்னு எனக்குத் தெரியாது, எத்தனையோ எழுதுறேன், அதை மட்டும் எழுத வந்ததில்ல. அதைத்தான் அன்னிக்குக் காட்டினேன். வலது கை காத்துல எழுதிச்சு, வேகமா, இன்னும் வேகமா, தோள் வரைக்கும் எழுதிச்சு, ஹாலைச் சுத்தி ஓடி ஓடி எழுதிச்சு. அப்புறம் இடது கை, நான் சொல்லாமயே, பிடரிக்குப் போச்சு. தலை குனிஞ்சுது. வலது கை எழுதறதை விட்டுட்டுப் போய் அந்த இடது கை மேல விழுந்து, எடுத்துராதீங்கன்னு பிடிச்சுக்கிச்சு. எடுத்துராதீங்கன்னு. அழுதுட்டேன். யாரு முன்னாலயும் அழுகாதவ. அக்கா எதிர்ல நின்னு அதையே திருப்பிச் செஞ்சாங்க, அவங்க கண்ணுலயும் தண்ணி, புரிஞ்சிருச்சுன்னு தலையை ஆட்டினாங்க. நானும் நம்பிட்டேன்.

பெனசீர் புருவத்தைத் தூக்கி என்னன்னு கேட்கறா. ஒண்ணுமில்ல. கால் கட்டை விரல்ல அரிக்குது, சொறிஞ்சா அசைஞ்ச மாதிரி ஆகிரும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ட்யூஷன் வாத்தியாருக்குக் காய்ச்சல்னு சீக்கிரமே வீட்டுக்கு வந்துட்டேன். கதவு சாத்தாமத்தான் இருந்துச்சு. டிவி சத்தம் இல்லாம ஓடுது. அப்பா நாற்காலி நுனியில உட்கார்ந்திருக்காரு. எங்க அம்மா கலாமணி, கல்யாண வீட்டுல கூட ஒரு மூலையில ஒதுங்கி நிக்கிற எங்க அம்மா, அவரு முன்னால நின்னு வலது கையால காத்துல எழுதுறாங்க. எழுதி, வேகமா எழுதி, இடது கையைத் தூக்கிப் பிடரியில வெச்சு, தலையைக் குனிஞ்சு. என் அசைவு. என் உடம்பு அங்க நைட்டி போட்டுட்டு நின்னுட்டிருந்துச்சு. எனக்கு முதல்ல எதுவும் புரியல, கண்ணு பார்த்ததை மண்டை வாங்கிக்கல. அம்மாவுக்கு நல்லா வந்துச்சு, என்னைவிட நல்லா வந்துச்சு, கடைசி இடம் ஒண்ணைத் தவிர. கடைசியில அந்த வலது கை பிடரிக்குப் போய், இடது கையைப் பிடிச்சு, பிடுங்குச்சு. விடு விடுன்னு பிடுங்குச்சு. வரமாட்டேங்குதுன்னு மறுபடியும் பிடுங்குச்சு. "இப்புடித்தானுங்க பண்றா. எத்தனை வருசமா இப்புடி அழுத்தி வெச்சிருக்கோம், நமக்குத் தெரியவே இல்ல பாருங்க." அப்பா சொன்னாரு, "போதும், விடு கலா. நீ வேற நடிச்சுக் காட்டாதே." நான் வெளியில போய்ப் படியில உட்கார்ந்து, ஷூ லேஸை அவுத்து அவுத்துக் கட்டி, பத்து நிமிஷம் கழிச்சு அப்பத்தான் வர்ற மாதிரி சத்தம் போட்டுட்டு உள்ள வந்தேன். அம்மா டீ போட்டுக் குடுத்தாங்க.

அந்த டீயில இருந்து இன்னிக்கு வரைக்கும் அப்பா கை என் மேல படல. நாலு நாள். எண்ணிட்டிருக்கேன். புதன்கிழமை பட்டறைக்கு மோட்டார் கம்பெனிக்காரரு ஒருத்தர் வந்திருந்தாரு, நான் சாவி குடுக்கப் போனேன். வழக்கமா அந்த மாதிரி ஆளைப் பார்த்தா என் பிடரியைப் பிடிச்சு முன்னால தள்ளி, என்ற பொண்ணுங்க, கணக்குல புலிங்கன்னு ஆரம்பிப்பாரு, எனக்கு மானம் போகும், உள்ளுக்குள்ள குளுகுளுன்னும் இருக்கும். புதன்கிழமை கையைப் பின்னால கட்டிட்டு நின்னு, இது பொண்ணுங்கன்னாரு. இது பொண்ணுங்க, அவ்வளவுதான். வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து கணக்குப் போட்டேன், வேணும்னே போட்டேன், முடியாத ஒரு கணக்கா எடுத்து வெச்சு ஓட விட்டேன், ஓடுச்சு, கை வலிச்சுது, பின்னால அப்பா வர்றது கேட்டுச்சு, கழுத்தைக் குனிஞ்சு காட்டினேன். ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணி எடுத்துட்டுப் போயிட்டாரு. கதவுகிட்ட நின்னு, "படிக்கணும்னா படி கண்ணு, வேண்டாம்னா விட்டுரு, யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டோம்"னாரு. பயந்த குரல். எங்க அப்பா என்னைக் கண்டு பயந்துட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தத் தாளைச் சுக்கு நூறாக் கிழிச்சேன், அம்மா ஓடி வந்து பொறுக்கினாங்க, பொறுக்கிட்டே அப்பாவைப் பார்த்து ஒரு பார்வை. பார்த்தீங்களா, நான் சொல்லல? இப்ப நான் என்ன பண்ணினாலும் அது அக்கா போன்ல காட்டின அந்த வீடியோவுக்குச் சாட்சி. இன்னொண்ணு. அவரு வெக்கிறது வலது கை. நான் வெச்சது இடது கை. வலது கை எழுதிட்டிருந்ததால இடது கை. இது போதாதா, இதைப் பார்த்தாவே தெரியாதா, அது அப்பா இல்ல நான்னு, நானே எனக்கு அப்பாவா இருந்து பார்த்தேன்னு. யாருக்குத் தெரியும் இதெல்லாம். நாலு நாளா இந்த இடது வலதுலயே மாட்டிட்டு நிக்குது மண்டை. எந்தக் கையா இருந்தா என்ன, அக்கா கேட்டிருக்கலாம். சம்யுக்தா, இது என்ன கை, எதுக்கு வெக்கிறே. ஒரே ஒரு கேள்வி. பேச்சு கூடாதுன்னு விதி போட்டவங்க எப்படிக் கேட்பாங்க?

கால் நடுங்குது. சும்மா நிக்கிறது இவ்வளவு கஷ்டம்னு தெரியாது. பெனசீர் நான் நிக்கிற மாதிரியே நிக்கிறா, கண்ணாடிதானே, முட்டியைக்கூட அதே மாதிரி நடுங்க விடறா, நக்கலா இல்ல, நிஜமாவே செய்யறா. நல்லவ. அக்கா இப்ப எங்க பக்கம் வர்றாங்க. வந்து பெனசீரை மெல்லத் தோளைத் தொட்டு நகர்த்திட்டு அவங்க நிக்கிறாங்க என் எதிர்ல. கைகளைத் தொங்க விட்டு, தாடையை இறுக்கி, கண்ணை என் மேல குத்தி. என் கோபத்தை எடுத்துப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க, கடையில சட்டையைப் போட்டுப் பார்க்கற மாதிரி. இதுவும் வீட்டுக்குப் போகும். இன்னிக்குச் சாயங்காலமே போகும். ஒத்துழைக்க மறுக்கிறாள், உடல் இறுக்கம், கோபம் வெளிப்படத் தொடங்கியிருக்கிறது, நல்ல முன்னேற்றம். எங்கிட்ட இருந்து எதைத்தான் எடுக்க மாட்டீங்க? நான் எதுவும் தராம நின்னா அதையும் எடுத்துக்கறீங்க. உங்களுக்காக எத்தனை சனிக்கிழமை காலையில இருந்தே காத்துட்டு இருந்திருக்கேன், அம்மாகிட்டச் சொல்லாததை, பெனசீர்கிட்டச் சொல்லாததை, எழுதக்கூட வராததை உங்ககிட்டத்தான் கொண்டு வந்து குடுத்தேன், உங்களை நம்பினேன் அக்கா. அழுகக் கூடாது. அழுதா அவங்களும் அழுவாங்க.

நாலு அம்பதுக்கு மணி அடிச்சுது. எல்லாரும் வட்டமா நின்னு மூச்சு இழுத்து விட்டு, கையெடுத்துக் கும்பிட்டுக் கலைஞ்சாங்க. செருப்பு வெக்கிற இடம் ஹாலுக்கு வெளியில, அங்க பேசலாம், விதி இல்ல. நான் ஷூவை மாட்டிட்டிருந்தேன், அக்கா பக்கத்துல வந்து குத்த வெச்சு உட்கார்ந்தாங்க. "சம்யு, எம்மேல கோபமா?" "நீங்க எங்க வீட்டுல காட்டிட்டீங்க." மறுப்பாங்கன்னு நினைச்சேன். மறுக்கல. "ஆமா, காட்டினேன். ஒரு குழந்தை கழுத்தைப் பிடிச்சு அழுத்திக்கறதைப் பார்த்துட்டு நான் சும்மா இருக்க முடியாதும்மா. உனக்குப் பதினஞ்சு வயசு. வீட்டுல ஏதாவது ஆபத்து இருந்தா? உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், அது என் தப்புதான்." குரல் நல்லாத்தான் இருந்துச்சு. "அதுக்கு அர்த்தம் அது இல்லக்கா. அது எங்க அப்பா என்னை நிறுத்தற கை. எனக்கு அது வேணும். அதைப் பிடிச்சுக்கிட்டேன். நீங்க பிடுங்கினேன்னு சொல்லியிருக்கீங்க." அக்கா என்னையே பார்த்தாங்க. "நான் ஒண்ணுமே சொல்லலம்மா. ஒரு வார்த்தை கூட விளக்கம் சொல்லல. போனை மட்டும் குடுத்தேன். அப்பாதான் ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டு, இது என் கைதாங்க மேடம்னு அவரே சொன்னாரு. சொல்லிட்டு அழுதாரு." சொல்லிட்டு என் ஷூ லேஸைக் கட்டி விட வந்தாங்க, நான் காலை இழுத்துக்கிட்டேன்.

ஹால்ல இருந்து கேட்டுக்கு இருநூறு அடி இருக்கும். அந்த இருநூறு அடியும் உள்ள ஒரே ரகளை. அவங்க ஒண்ணும் சொல்லலன்னா? அப்பா அவராப் பார்த்து, அம்மா அவங்களாப் பார்த்து, ரெண்டு பேருக்குமே பிடுங்கற மாதிரிதான் தெரிஞ்சிருக்குன்னா? அப்ப நான் பிடுங்கினேனா. பிடிச்சுக்கிட்டேன்னு நான்தான் நினைச்சுட்டு இருக்கேனா. உடம்புக்குச் சமாளிக்கத் தெரியாதாமே. பலூன்காரர் கதை மாதிரி, அப்பா கை எனக்கு வேணுங்கறதும் நானே எனக்கு விட்ட கதையா? மோட்டார் கம்பெனிக்காரர் முன்னால என்னைப் பிடரியைப் பிடிச்சுத் தள்ளறப்போ மானம் போகுதுன்னு சொன்னேனே, அது எங்க போய் ஒளிஞ்சிருந்துச்சு? ஆறாம் வகுப்புல மாவட்டப் போட்டியில ரெண்டாவது வந்தப்போ, கார் பக்கத்துல நின்னு அதே இடத்துல கை வெச்சு, பரவாயில்ல கண்ணு, அடுத்த தடவை விட்டுரக் கூடாதுன்னாரே, அன்னிக்கு அந்தக் கை கொஞ்சம் அதிகமாத்தான் அழுத்துச்சு. அழுத்துச்சா? இப்பத்தான் அழுத்துதா? ஒரு நிமிஷம், அக்கா மேல இருந்த கோபம்கூட எங்கயோ போயிருச்சு, பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க, பார்த்ததைக் காட்டியிருக்காங்க, தப்புன்னா என் உடம்பு தப்புன்னு தோணுச்சு. ஆனா எனக்குத் தெரியும். ரெண்டும் இருந்தாலும் எனக்குத் தெரியும். அன்னிக்கு என் விரலுக்குள்ள இருந்தது நான்தானே. எடுத்துராதீங்கன்னுதான் பிடிச்சேன். ரொம்பச் சாதாரண விஷயம் இது, வாயைத் திறந்து சொன்னா முடிஞ்சு போற விஷயம், நாலு நாளா அதைப் பண்ணாம ஷூ லேஸைக் கட்டிட்டு இருந்திருக்கேன். எனக்கு வாய் இருக்குது. மேடை மேடையாப் பேசிக் கோப்பை வாங்கின வாய்.

அப்பா கேட்டுக்கு வெளியில புங்க மரத்து நிழல்ல வண்டியை நிறுத்திட்டு நின்னாரு. சனிக்கிழமை பட்டறையை விட்டுட்டு அவராவே வந்திருக்காரு, எண்ணெய்ச் சட்டையைக்கூட மாத்தல. ஏறச் சொல்லி வண்டியை எடுக்கப் போனாரு, நான் எடுக்க விடல. "அப்பா, ஒரு நிமிஷம். அந்த வீடியோ." அவரு முகம் மாறுச்சு. நான் நிறுத்தல. சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், வரிசையா, ஒரு சொல்லு தடுக்காம. உள்ள எப்படி ஓடும், அவரு கை வந்தா எப்படி நிக்கும், மெஷினை நிறுத்துவாரே அது மாதிரி, அன்னிக்கு ஹால்ல அதைத்தான் காட்டினேன், வலது கை போய் இடது கையைப் பிடிச்சது எடுக்கறதுக்கு இல்ல, எடுத்துராம இருக்கறதுக்கு. "அது உங்க கைதாம்ப்பா. எனக்கு அது வேணும். நாலு நாளா நீங்க வெக்கல." என் வாழ்க்கையில இவ்வளவு தெளிவா நான் எதையும் சொன்னதில்ல, இவ்வளவு உண்மையாவும் சொன்னதில்ல. அப்பா வண்டிக் கைப்பிடியைப் பார்த்துட்டே கேட்டாரு. கடைசியில சிரிச்சாரு. வீட்டுக்கு வந்த பெரிய மனுஷங்களைப் பார்த்துச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "சரி சாமி."

"நம்பலையாப்பா?"

"அப்புடியில்ல கண்ணு. மேடம் அன்னிக்கே எங்ககிட்ட எல்லாம் விவரமாச் சொல்லிட்டாங்க. நேர்ல கேட்டா, அப்பா மனசு நோகக் கூடாதுன்னு நீ இப்படித்தான் மாத்திச் சொல்லுவியாம். அழகாவே சொல்லுவியாம், கேட்கறவங்க நம்பற மாதிரி. அப்ப நம்பிரக் கூடாதுன்னாங்க." கைப்பிடியில இருந்த எண்ணெயைக் கட்டை விரலால துடைச்சாரு. "நீ எனக்காகச் சிரமப்பட வேண்டாஞ்சாமி. அப்பாவுக்குப் புரிஞ்சிருச்சு. இனிமே வெக்க மாட்டேன்."

ஒரு வார்த்தை கூடச் சொல்லலன்னாங்களே. ஒரு வார்த்தை கூட. இப்ப நான் அழுதா அதுவும் அவங்க சொன்னதுதான், கத்தினா அதுவும் அவங்க சொன்னதுதான், சும்மா இருந்தா அதுவும்தான். அப்பா வண்டியை ஸ்டார்ட் பண்ணினாரு. நான் பின்னால ஏறி உட்கார்ந்து, எப்பவும் அவரு தோள்ல வெக்கிற கையை இன்னிக்கு வெச்சா அதை என்னன்னு எடுத்துக்குவாரோன்னு தெரியாம, ரெண்டு கையையும் மடியில போட்டுக்கிட்டேன். வேகத்தடையில வண்டி தூக்கிப் போட்டப்போ கூட எடுக்கல.